ஜோனி மிச்சலின் ஒலிப்பதிவுகள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் கிற்றார் பழகும் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோருக்கும், போயா நாட்களில் பாட்டுக் கேட்க வரும் நண்பர்களுக்கும் நான் ஓயாமல் சிபாரிசு செய்யும் பெயர் ஜோனி மிச்சல். கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். என் கட்சி எது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜாஸ் என்ற அமெரிக்க இசைவகை அவர் இடையில் எடுத்துப் போட்டுக்கொண்ட உடை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அவருடைய கிற்றாரே அவரை ஜாஸ் கலைஞர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவர் யார், அக்கா? நான் பெயரே கேள்விப்பட்டதில்லை.

கனடாக்காரர். 1943 நவம்பர் 7ஆம் திகதி அல்பேர்ட்டா மாகாணத்தின் ஃபோர்ட் மக்லியோட்டில் பிறந்து, சஸ்கற்றூன் நகரில் வளர்ந்தவர். இயற்பெயர் ரொபேர்ட்டா ஜோன் அண்டர்சன். வரி எழுதுவது, மெட்டமைப்பது, பாடுவது, கிற்றாரும் பியானோவும் வாசிப்பது எல்லாம் அவரே. ஓவியரும் என்பதால் பல அல்பங்களின் அட்டைப் படத்தையும் அவரே தீட்டினார். முதல் அல்பம் 1968இல் டேவிட் கிரொஸ்பியின் தயாரிப்பில் வெளிவந்தது. புதிய பாடல்களோடு வந்த கடைசி ஸ்ரூடியோ அல்பம் 2007இல் வந்த 'ஷைன்'.

பெயர் தெரியாவிட்டாலும் 'போத் சைட்ஸ் நவ்' பாட்டு எங்கேயாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். அதை முதலில் பிரபலமாக்கியவர் ஜூடி கொலின்ஸ். இயற்றிய ஜோனியின் சொந்தப் பதிவு 1969இல் 'கிளவுட்ஸ்' அல்பத்தில்தான் வந்தது.

நாட்டார் பாடகி என்கிறார்கள், ஜாஸ் பாடகி என்கிறார்கள். எது சரி?

எந்த ஆண்டின் பதிவைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் சில அல்பங்களில் பெரும்பாலும் குரலும் கிற்றாரும், அல்லது குரலும் பியானோவும்தான். 1972இல் 'ஃபோர் த ரோசஸ்' அல்பத்தில் டொம் ஸ்கொட்டின் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வந்து சேர்கின்றன. 1974இல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' முழு இசைக்குழுவோடு வருகிறது. 1976 முதல் 1979 வரை அவர் அன்றைய ஜாஸ் உலகின் மிகச் சிறந்த வாத்தியக்காரர்கள் நடுவே நிற்கிறார். ஒரே மனிதர், ஒரே கை. ஏன் அப்படிப் போனார் என்பதற்குக் கீழே விடை இருக்கிறது.

ஒரே ஒரு அல்பத்தைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கேட்க நேரமில்லை.

'புளூ'. 1971 ஜூன் மாதம் வெளிவந்தது. பத்துப் பாட்டு, மொத்தம் முப்பத்தாறு நிமிடம். உள்ளே இருப்பது மிகச் சிலர்: ஜேம்ஸ் டெய்லரின் கிற்றார் சில பாட்டுகளில், ஸ்டீவன் ஸ்டில்ஸ் ஒன்றில், ரஸ் கன்கலின் ட்ரம்ஸ் சிலவற்றில், ஸ்னீக்கி பீட் கிளைனோவின் பெடல் ஸ்டீல் கிற்றார் இரண்டில். மற்ற இடமெல்லாம் ஜோனியே. 'கலிஃபோர்னியா', 'எ கேஸ் ஒவ் யூ' போன்ற பாட்டுகளில் ஜோனி வாசிக்கும் கம்பி வாத்தியம் கிற்றார் இல்லை. அது மடியில் கிடத்தி மீட்டும் டல்சிமர்.

கிற்றார் வாசிப்பவராக இருந்தால் 'புளூ'வை அடுத்து நேரே 1976இன் 'ஹெஜீரா'வுக்குப் போங்கள். இடையில் உள்ளவற்றைப் பிறகு கேட்கலாம்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வரி புரியாமல் கேட்டால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் பாதிதான். இவருடைய வரிகள் அவ்வளவு முக்கியமானவை. எல்லாப் பாட்டையும் ஒரே நாளில் புரிந்துகொள்ள முயல வேண்டாம். ஒரு பாட்டை எடுத்து, வரிகளை எழுதி வைத்து, தெரிந்த ஒருவரிடம் பொருள் கேட்டு, பிறகு அதையே ஒரு கிழமை கேளுங்கள்.

தொடங்குவதற்கு 'புளூ'வில் இருக்கும் 'லிட்டில் கிரீன்' நல்லது. 1965இல், கையில் காசில்லாத காலத்தில், தான் பெற்ற பெண்குழந்தையை அவர் தத்துக்கொடுத்தார். அந்தக் குழந்தையைப் பற்றிய பாட்டு அது. வெளிவந்தபோது கேட்டவர்களுக்கு அது தெரியாது. தாயும் மகளும் மீண்டும் சந்தித்தது 1997இல். பிள்ளையைப் பிரிந்த தாய்மார் நமது மாவட்டத்தில் ஏராளம். அவர்களிடம் இந்தப் பாட்டின் சூழலை இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும், மிச்சத்தைக் குரலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

அவர் பிடிப்பது போலவே விரலை வைத்தாலும் அந்த ஒலி வரவில்லையே. என் கிற்றாரில் என்ன பிழை?

உங்கள் கிற்றாரில் பிழை இல்லை. அவருடைய கிற்றாரில் கம்பிகள் வேறு சுருதியில் இருக்கின்றன. ஒன்பது வயதில் அவருக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. நடக்கப் பழகி எழுந்துவிட்டார், ஆனால் இடது கை பலவீனமாகவே இருந்தது. வழக்கமான சுருதியில் கடினமான கோர்ட்ஸ் (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் பிடிகள்) பிடிக்க அந்தக் கைக்கு வலுப் போதவில்லை. ஆகவே கம்பிகளின் சுருதியையே மாற்றினார். ஒன்றிரண்டு விரல் வைத்தாலே நிறைந்து ஒலிக்கும்படி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சுருதி. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதிகளை அவர் பயன்படுத்தியிருக்கிறார்.

வழக்கமான சுருதி தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதை டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று மாற்றுங்கள். எந்த விரலும் வைக்காமல் மீட்டினாலே ஒரு முழு டி மேஜர் ஒலிக்கும். இரண்டாம் கட்டையில் கப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போட்டு 'பிக் யெல்லோ டாக்ஸி', 'செல்சீ மோர்னிங்' இரண்டையும் முயன்று பாருங்கள். இந்த மாற்றத்தில் எந்தக் கம்பியையும் இறுக்க வேண்டியதில்லை, தளர்த்தினால் போதும். உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் நம் ஊரில் இது பெரிய உதவி. துருவேறிய கம்பியைச் சுருதிக்கு மேலே முறுக்கினால் அறுந்து கண்ணில் அடிக்கலாம், கவனம்.

சுருதி மாற்றினார், சரி. ஜாஸ் எங்கிருந்து வந்தது?

அந்தச் சுருதியிலிருந்துதான். மாற்றிய சுருதியில் பிறந்த கோர்ட்ஸ் முடிவுக்கு வராமல் தொங்கி நிற்பவை. மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் துக்கம் என்று பழகிய காதுக்கு அவை இரண்டிலும் அடங்குவதில்லை. கேள்வி கேட்கும் கோர்ட்ஸ் என்று ஜோனியே அவற்றைச் சொல்லியிருக்கிறார். லொஸ் ஏஞ்சலிஸின் ரொக் வாத்தியக்காரர்கள் அருமையானவர்கள். ஆனால் இந்தக் கோர்ட்ஸுக்கு அடியில் எந்தச் சுரத்தை வைப்பது, தாளத்தை எங்கே விடுவது என்று திணறினார்கள். கடைசியில், ஜாஸ் ட்ரம்மர்களைத் தேடிப் போ என்று அவரிடம் சொன்னவர், முன்னர் சொன்ன ரஸ் கன்கல். அவரே ஒரு ரொக் ட்ரம்மர். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்படிக் கிடைத்த குழுதான் டொம் ஸ்கொட்டின் எல்.ஏ. எக்ஸ்பிரஸ். ட்ரம்ஸில் ஜோன் கெரின், பாஸில் மக்ஸ் பெனட், கிற்றாரில் லரி கார்ல்டன், கீபோர்டில் ஜோ சாம்பிள் ஆகியோரை 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' அல்பத்தில் கேட்கலாம். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்த ஜோனியின் ஒரே பாட்டான 'ஹெல்ப் மீ' இந்த அல்பத்தில் இருக்கிறது. அது ஏழாம் இடம் வரை போனது. எளிய காதல் பாட்டுப் போலத் தோன்றும். கிற்றாரில் வாசிக்க முயன்றால்தான் அதன் நெளிவு தெரியும்.

ஜாஸ் அவருக்குப் புதிதும் அல்ல. இளமையில் லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் ரொஸ் என்ற மூவர் குழுவின் பாட்டுகளில் ஊறியவர். அவர்கள் பாடிய 'டுவிஸ்டட்' 1974 அல்பத்திலும், 'சென்டர்பீஸ்' 1975இன் 'த ஹிஸ்ஸிங் ஒவ் சமர் லோன்ஸ்' அல்பத்திலும் அவர் குரலில் இருக்கின்றன.

'ஹெஜீரா'வில் இரண்டு பேர் பாடுவது போல இருக்கிறதே. இன்னொருவர் யார்?

நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். அது ஜாக்கோ பஸ்தோரியஸின் பாஸ் கிற்றார். கட்டைகள் இல்லாத பாஸ் அது. விரல் வழுக்கிக்கொண்டே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நமது வீணையிலும் வயலினிலும் வரும் ஜாருவைக் கேட்டுப் பழகியவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். வழக்கமான பாஸ்காரர் அடியில் நின்று தாங்குவார். ஜாக்கோ மேலே ஏறி வந்து, ஜோனி வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் தன் பதிலைச் சொல்வார். 'கயோட்டி', 'ஹெஜீரா', 'பிளாக் குரோ', 'ரெஃபியூஜ் ஒவ் த ரோட்ஸ்' ஆகிய நான்கு பாட்டுகளில் மட்டுமே அவர் இருக்கிறார். ஆனாலும் அல்பம் முழுவதும் அவருடைய நிழல் விழுந்திருப்பது போல எனக்குத் தோன்றும்.

மேன் மாநிலத்திலிருந்து கலிஃபோர்னியா வரை ஜோனி தனியாகக் காரோட்டிப் போன நெடும் பயணத்தில் எழுதியவை இதில் பல. ஒன்பது பாட்டும் சாலையில் விரைகின்றன. இரவில் ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அந்த பாஸ் கேட்கவே இல்லை. நீங்கள் சொல்வது எதுவும் என் போனில் வரவில்லையே?

போனின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களைத் தராது. ஜாக்கோவின் பாதி அதிலேயே காணாமல் போய்விடும். சாதாரண இயர்போன் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். புழுக்கம்தான், பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

இது நமது கற்பனாஸ்வரம் போலத்தானே? அவர்களும் மேடையில் அந்த நேரத்தில்தானே உருவாக்குகிறார்கள்?

வாத்தியக்காரர்களைப் பொறுத்தவரை பெருமளவு அப்படித்தான். ஆனால் ஜோனியின் பாட்டுகள் முன்பே எழுதி முடிக்கப்பட்டவை. வரியும் மெட்டும் கோர்ட்ஸும் நிலையானவை. அவர் மாற்றுவது சொல் விழும் இடத்தை. தாளத்துக்குச் சற்று முன்னே, சற்றுப் பின்னே, பேசுவது போலத் தள்ளித் தள்ளிப் பாடுவார். 1979 செப்டெம்பரில் சான்டா பார்பராவில் பதிவான 'ஷடோஸ் அண்ட் லைட்' மேடைப் பதிவை எடுத்து, அதிலுள்ள 'கயோட்டி'யை 'ஹெஜீரா' வடிவத்தோடு ஒப்பிட்டால் இது தெளியும். பட் மெதீனி, லைல் மேய்ஸ், மைக்கல் பிரெக்கர், ஜாக்கோ, டொன் அலையஸ் என்று ஒரு மேடையே நிறைந்த குழு அது.

ஒரு பெரிய வேறுபாட்டை மறக்க வேண்டாம். நமக்கு அடியில் ஒரே சட்ஜம் கடைசி வரை நிற்கும், கற்பனை இராகத்துக்குள் நடக்கும். அங்கே அடித்தளமே நகர்ந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு கோர்ட்டும் மாறும்போது எந்தச் சுரம் பொருந்தும் என்பதும் மாறும். இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இரண்டையும் சரியாகக் கேட்க முடியாது.

'மிங்கஸ்' அல்பத்தில் பாட்டுக்கு நடுவே யாரோ கதைக்கிறார்கள். அது ஏன்? மிங்கஸ் என்பது யார்?

சார்ல்ஸ் மிங்கஸ் அமெரிக்க ஜாஸின் பெருமக்களில் ஒருவர். டபுள் பாஸ் வாசித்தவர், அதைவிட முக்கியமாக இசையமைப்பாளர். நரம்பைத் தாக்கித் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் நோய் வந்து, சக்கர நாற்காலியில் இருந்த காலத்தில் அவர் ஜோனியை அழைத்தார். தான் அமைத்த மெட்டுகளுக்கு வரி எழுதச் சொன்னார். வேலை முடியும் முன்னே, 1979 ஜனவரி 5ஆம் திகதி, மெக்சிகோவின் குவர்னவாக்காவில் 56 வயதில் இறந்துபோனார். அவருடைய அஸ்தி கங்கையில் கரைக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது இங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அல்பம் அந்த ஜூனில் வந்தது. மிங்கஸின் இசைக்கு ஜோனி வரி எழுதியவை நான்கு, முழுக்க அவரே இயற்றியவை இரண்டு. நான்கில் ஒன்றான 'குட்பை போர்க் பை ஹட்' சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங் 1959இல் இறந்தபோது மிங்கஸ் செய்த அஞ்சலி. இருபது ஆண்டு கழித்து, தானே இறந்துகொண்டிருக்கும்போது, அதற்குச் சொற்களைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நடுவே கேட்கும் பேச்சு மிங்கஸுடையது, வீட்டில் பதிவானது. பாட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை அவர் கேட்டுவிட்டார். கேட்காமல் போனது, அவரைப் பற்றியே ஜோனி எழுதிய 'கோட் மஸ்ட் பி எ பூகி மேன்'.

வாத்தியம் ஹெர்பி ஹான்கொக், வெய்ன் ஷோர்ட்டர், பீற்றர் எர்ஸ்கின், ஜாக்கோ. முதல் தடவையிலேயே பிடித்துவிடும் அல்பம் இல்லை. மற்றவற்றுக்குப் பழகிய பிறகு, வீட்டில் எல்லாரும் உறங்கிய பின் கேளுங்கள். எனக்கு இது அவருடைய பதிவுகளிலேயே மிகவும் துணிச்சலானது. விற்பனை குறையும் என்று தெரிந்தே செய்தார்.

'த ஜங்கிள் லைன்' பாட்டில் ஆபிரிக்க மேளம் வருகிறது. மற்றவர்களின் இசையை எடுத்துப் போடுவது சரியா? 1977 அட்டைப் படமும் அப்படித்தானே?

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். 1975 அல்பத்தில் உள்ள அந்தப் பாட்டின் மேளம் புருண்டி நாட்டில் களப்பதிவாக எடுக்கப்பட்டது. அதைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, மேலே மூக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை வைத்துப் பாடினார். இப்படிப் பழைய பதிவின் துண்டை வெட்டிப் பாட்டு அமைப்பது பின்னர் உலகெங்கும் வழக்கமானது, அன்று மிக அரிது. இசையாக அது அபாரம். ஆனால் ஆபிரிக்க மேளத்தைக் 'காடு' என்று பெயரிட்ட பாட்டில் வைப்பது, மேளக்காரர்கள் பெயரற்றவர்களாகவே நின்றுவிடுவது, இரண்டும் என்னை உறுத்துகின்றன. நமது பறையை யாராவது அப்படி எடுத்தால் நாம் கேட்போம், கேட்கவும் வேண்டும்.

1977இன் 'டொன் ஜுவான்ஸ் ரெக்லஸ் டோட்டர்' அட்டையில் நிற்கும் கறுப்பின ஆண், முகத்தில் மை பூசி வேடமிட்ட ஜோனியேதான். அமெரிக்காவில் அந்த வேடத்துக்கு இழிவான ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவர் அதை வேறு கண்ணோடு பார்த்தார், பல ஆண்டு நியாயப்படுத்தியும் பேசினார். நான் நியாயப்படுத்த மாட்டேன். 2024 மறுவெளியீட்டில் அந்த அட்டை மாற்றப்பட்டது, அதுவே முறை. உள்ளே பதினாறு நிமிடம் ஓடும் 'பப்ரிக்கா பிளெய்ன்ஸ்' இருக்கிறது. பியானோவில் தனியே தொடங்கி ஓர்கெஸ்ட்ராவாக விரிந்து, கடைசியில் வெய்ன் ஷோர்ட்டரின் சாக்ஸபோனில் போய் முடிகிறது. அட்டைக்காக அதைக் கேட்காமல் விடுவதும் இழப்பு.

என் மகள் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். இதையெல்லாம் கேட்டால் சுருதி கெட்டுவிடாதா?

கெடாது, அம்மா. நமது ஊர்ப் பிள்ளையின் காது பிறந்ததிலிருந்தே பல இசைகளைக் கேட்டு வளர்கிறது. கோணேஸ்வரத்துத் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும், பாலையூற்றுப் பறங்கிக் குடும்பங்களின் கொண்டாட்டத்தில் வயலினும் கிற்றாருமாகக் கஃப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டு, பள்ளிவாசலிலிருந்து பாங்கு. ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததாக நான் கண்டதில்லை. சாதகம் முடித்த பிறகு கேட்கட்டும்.

எண்பதுகளின் அல்பங்கள் எப்படி?

1982 முதல் 1988 வரை மூன்று. சிந்தசைசரும் மின்தாளமும் நிறைந்த 'டோக் ஈட் டோக்' எனக்குப் பிடிக்கவில்லை. 1991இன் 'நைட் ரைட் ஹோம்' அல்பத்தில் கிற்றார் மீண்டும் முன்னே வருகிறது. 1994இன் 'டேர்பியுலன்ட் இண்டிகோ' கிராமி என்ற அமெரிக்க இசை விருதைப் பெற்றது. அங்கிருந்து தொடருங்கள்.

'போத் சைட்ஸ் நவ்' இரண்டு பதிவு இருக்கிறது. இரண்டாவதில் பாடுவது அவர்தானா? குரல் ஆண் குரல் போல இருக்கிறதே.

அவர்தான். 1969 பதிவில் அவருக்கு இருபத்தைந்து வயது, குரல் உச்சத்தில் பறக்கும். 2000இல் லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவோடு, வின்ஸ் மென்டோசாவின் இசை ஒழுங்கில் பாடிய பதிவு வந்தபோது வயது ஐம்பத்தாறு. நீண்டகாலப் புகைப்பழக்கம் காரணம் என்று பலர் சொல்வார்கள், அவர் தொண்டைக் கோளாறுகளையும் சொல்லியிருக்கிறார். எப்படியிருந்தாலும் மேல் ஸ்தாயி போய்விட்டது.

முதல் பதிவில் வாழ்க்கையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டேன் என்று ஓர் இளம்பெண் பாடுகிறாள், அழகாக இருக்கிறது. இரண்டாவதில் அதே சொற்கள் மெதுவாக, ஒவ்வொன்றும் எடை ஏறி வருகின்றன. உச்சச் சுரம் இல்லாத இடத்தில் இடைவெளி விடுகிறார். குரல் போனால் பாட்டு முடிந்தது என்று நினைக்கும் மாணவர்களுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறேன். என் தெரிவு இரண்டாவதுதான்.

ஸ்பொட்டிஃபையில் தேடினேன், இல்லை. எங்கே கேட்பது?

நீங்கள் தேடிய காலத்தில் இருந்திருக்காது. கோவிட் பற்றிய பொய்த் தகவல்களை அந்தத் தளம் பரப்புகிறது என்று பாடகர் நீல் யங் தன் பாட்டுகளை 2022 ஜனவரியில் விலக்கினார். ஜோனியும் அவரோடு நின்று விலக்கினார். 2024 மார்ச்சில் மீண்டும் வந்துவிட்டன, இப்போது தேடுங்கள்.

அவர் இன்னும் பாடுகிறாரா?

2015இல் மூளையில் இரத்தக்குழாய் வீங்கி வெடித்தது. நடக்கவும் மறுபடி பழக வேண்டியிருந்தது. மேலே சொன்ன அத்தனை சுருதிகளையும் விரல்கள் மறந்துவிட்டன. தன் பழைய வீடியோக்களைப் பார்த்து, விரல் எங்கே போகிறது என்று மாணவி போல மீண்டும் கற்றார். 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் முன்னறிவிப்பின்றி மேடையேறி, பாடியதோடு 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெய்ன்' பாட்டைக் கிற்றாரில் தனியாகவும் வாசித்தார். அந்தப் பதிவு 2023இல் அல்பமாகி, 2024 பெப்ரவரியில் கிராமி பெற்றது. அதே இரவில், எண்பது வயதில், முதல் தடவையாகக் கிராமி மேடையில் பாடினார். கை விழுந்துபோனது என்று கிற்றாரை மூலையில் சாத்தி வைத்திருப்பவர்கள் இருந்தால் அந்த நியூபோர்ட் வீடியோவை அவர்களுக்கு அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன், அக்கா. அடுத்து என்ன?

ஹெர்பி ஹான்கொக்கின் 'ரிவர்: த ஜோனி லெட்டர்ஸ்', 2007. 'மிங்கஸ்' அல்பத்தில் பியானோ வாசித்த அதே மனிதர், வெய்ன் ஷோர்ட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜோனியின் பாட்டுகளை ஜாஸாகத் திறந்து பார்க்கிறார். நோரா ஜோன்ஸ், டீனா டேர்னர், ஜோனி உட்படப் பலர் பாடியிருக்கிறார்கள். 2008இல் ஆண்டின் சிறந்த அல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது. ஜாஸ் கலைஞர்களுக்கு அந்த விருது மிக அரிதாகவே போகும். மேலே நாம் விவாதித்த 'த ஜங்கிள் லைன்' அதில் மேளமே இல்லாமல் வருகிறது. ஹான்கொக்கின் பியானோ மட்டும், அதன்மேல் கவிஞரும் பாடகருமான லியனார்ட் கோஹன் வரிகளைப் பாடாமல் வாசிக்கிறார். முதலில் 1975 பதிவையும் உடனே இதையும் கேளுங்கள். கேட்டபின் அந்தக் கேள்வியைத் திரும்பவும் கொண்டுவாருங்கள், பேசலாம்.